பேக்லாக்: தமிழில் நிலுவை ஆணைகள்

விமானத் தயாரிப்பு நிறுவனங்களின் நிதிநிலை அறிக்கை வெளிவரும்போது, லாபத்தோடு சேர்த்து அடிபடுகிற சொல் ‘பேக்லாக்’. வாடிக்கையாளர் ஒப்பந்தம் போட்டாயிற்று, நிறுவனம் இன்னும் செய்து கொடுக்கவில்லை. இப்படி நிற்கும் ஆர்டர்களின் மொத்த மதிப்புதான் அது. நம் பங்குச் சந்தை வட்டாரத்தில் ‘ஆர்டர் புக்’ என்பார்கள்.

சொல் பிறந்தது கணப்பு அடுப்பில். குளிர்நாட்டு வீடுகளில் கணப்பின் பின்புறம் பருத்த கட்டை ஒன்றைப் போட்டுவைப்பார்கள். முன்னாலிருக்கும் சுள்ளி எரிந்து தீர்ந்தாலும் அது நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அந்தக் கட்டைதான் பேக்லாக். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘பிறகு பயன்படச் சேர்த்துவைத்தது’ என்று பொருள் விரிந்தது. 20ஆம் நூற்றாண்டில் ‘முடிக்காமல் தேங்கிய வேலை’ என்றானது. இந்தியக் கல்லூரிகள் பலவற்றில் தேறாத பாடத்துக்கும் இதுவே பெயர். தமிழ்நாட்டில் அதை அரியர் என்போம். சேமிப்பும் பாக்கியும் ஒரே சொல்லுக்குள் இருப்பதால்தான், பங்கு வாங்குபவர்கள் சேமிப்பை மட்டும் பார்த்துவிட்டுப் பாக்கியை மறக்கிறார்கள்.

பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸை எடுத்துக்கொள்வோம். 2024 மார்ச்சில் அதன் ஆர்டர் புக் சுமார் 94,000 கோடி ரூபாய். மறு ஆண்டு மார்ச்சில் 156 பிரசண்ட் ஹெலிகாப்டர்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானதும் அது 1.8 லட்சம் கோடியைத் தாண்டியது. அந்த ஆண்டின் விற்பனை வருவாயோ ஏறத்தாழ 31,000 கோடிதான், முந்தைய ஆண்டைவிட 2 சதவீதம் அளவுக்கே கூடுதல். ஆர்டர் இரட்டிப்பானது, வருவாய் அசையவில்லை. காரணத்தைத் தேஜஸ் மார்க் 1ஏ போர் விமானத் திட்டத்தில் பார்க்கலாம். 83 விமானங்களுக்கு 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம் போட்டார்கள். 2024 தொடக்கத்தில் ஒப்படைப்பு தொடங்கியிருக்க வேண்டும். ஜெனரல் எலெக்ட்ரிக்கிடமிருந்து அதற்கான முதல் எஞ்சின் வந்ததே 2025 மார்ச் கடைசியில்தான். எஞ்சின் இல்லாத விமானத்தை ஒப்படைக்க முடியாது, ஒப்படைக்காததற்கு முழுப் பணமும் வராது.

எனவே நிலுவை ஆணைகளை ஆண்டு வருவாயால் வகுத்து ‘ஆறு ஆண்டுக்கு வேலை இருக்கிறது’ என்று சொல்வதோடு நிறுத்தக் கூடாது. ஆண்டுக்கு எத்தனை விமானம் ஒப்படைக்கிறார்கள் என்பதே வளர்ச்சியை முடிவுசெய்யும். வாடிக்கையாளர் தந்த முன்பணத்தையும் கவனிக்க வேண்டும். வங்கி இருப்பைப் பெரிதாகக் காட்டினாலும், ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்) அது பொறுப்புப் பக்கத்தில், அதாவது கடன்பட்ட பக்கத்தில்தான் நிற்கும். அதற்கு வரும் வட்டியைத் தொழில் லாபத்தோடு கலந்து பங்கை மதிப்பிடுவது தவறு.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘கைவசமுள்ள ஆர்டர்கள்’ புழக்கத்தில் இருக்கிறது, பேச்சுக்கு அது போதும். ‘கையிருப்பு ஆணைகள்’ என்பதை நான் ஏற்கமாட்டேன். கையிருப்பு என்றால் ரொக்கமோ சரக்கோ கைக்கு வந்துவிட்டது என்று பொருள். ‘நிலுவை ஆணைகள்’ என்பதே பொருத்தம். ‘நில்’ என்னும் வேரோடு உறவுடைய சொல் அது. சம்பள நிலுவை, வழக்கு நிலுவை என்று நாள்தோறும் சொல்கிறோம். ‘ஆணை’ கட்டளையைக் குறித்தாலும் கொள்முதல் ஆணை, பணி ஆணை என்று அலுவலகத் தமிழில் ஊன்றிவிட்டது.

நிலுவை ஆணைகளை எடைபோடும்போது, விலை எப்படி நிர்ணயிக்கப்பட்டது என்பதும் முக்கியம். போயிங் 2011இல் அமெரிக்க விமானப்படையின் கேசி-46 எரிபொருள் நிரப்பு விமானத் திட்டத்தை நிலையான விலைக்கு ஒப்புக்கொண்டது. கூடிய செலவு முழுக்க அதன் தலையில் விழுந்து, நட்டம் 700 கோடி டாலரைத் தாண்டியது. 2024 முடிவில் போயிங்கின் நிலுவை ஆணைகள் 52,100 கோடி டாலர். அதே ஆண்டு வேலைநிறுத்தமும் உற்பத்திக் கட்டுப்பாடும் சேர, பயணிகள் விமானமும் சரக்கு விமானமுமாக 348 மட்டுமே ஒப்படைத்து, 1,180 கோடி டாலர் நட்டம் கண்டது.