வடிதாளில் கசிந்த சுண்ணாம்பு

1950களின் நடுவில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வகத்தில், எட்வின் கிரெப்ஸும் எட்மண்ட் பிஷரும் முயல் தசையை அரைத்துச் சாறெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தேடியது பாஸ்போரிலேஸ் என்ற நொதியை. தசை சேமித்துவைத்திருக்கும் கிளைக்கோஜனிலிருந்து குளுக்கோஸை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுப்பது அதன் வேலை. இந்த நொதி இரண்டு வடிவங்களில் இருப்பதை கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதி முன்பே காட்டியிருந்தார்கள். ஒன்று சுறுசுறுப்பு, தானாகவே வேலை பார்க்கும். மற்றது சோம்பேறி, ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு வந்து தட்டி எழுப்பினால்தான் அசையும்.

கோரி தம்பதியின் செய்முறைப்படி தசைச்சாற்றை வடிதாளில் வடிகட்டினால் சுறுசுறுப்பான வடிவம் கிடைத்தது. மையவிலக்குக் கருவியில் சுழற்றித் தெளியவைத்தால் சோம்பேறி மட்டுமே மிஞ்சியது. அதே முயல், அதே சாறு. வடிகட்டும் விதம் மாறினால் நொதியின் குணம் ஏன் மாற வேண்டும்?

குற்றவாளி வடிதாள்தான். தாளில் ஒட்டியிருந்த கால்சியம், அதாவது நாம் சுண்ணாம்புச் சத்து என்கிறோமே அதுதான், சாற்றுக்குள் கசிந்திருந்தது. அது அங்கே தூங்கிக்கொண்டிருந்த இன்னொரு நொதியை எழுப்பிவிட்டது. எழுந்த நொதி, செல்லின் எரிபொருளான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிய்த்து பாஸ்போரிலேஸின் மேல் ஒட்டியது. ஒட்டியதும் சோம்பேறி சுறுசுறுப்பானது. இப்படிப் பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தின் மேல் ஒட்டும் நொதிக்குத்தான் புரதக் கைனேஸ் என்று பெயர். இது வெளியானது 1955இல். நோபல் பரிசு வந்தது 1992இல். இருவரும் முதலில் கண்டுபிடிக்கப் புறப்பட்டது ஏஎம்பியின் ரகசியத்தை. அது அன்று கைக்கு எட்டவே இல்லை.

கால்சியம் வந்தது தற்செயல். அது செய்த வேலை தற்செயல் கிடையாது. நரம்பு ஆணையிட்டதும் உயிருள்ள தசைக்குள் கால்சியம்தான் பாய்கிறது. அதனால்தான் தசை சுருங்குகிறது. சுருங்கும் தசைக்கு உடனே குளுக்கோஸ் வேண்டும். ஆகவே சுருங்கச் சொல்லும் அதே கால்சியம் கைனேஸையும் எழுப்பி, கிளைக்கோஜன் கிடங்கைத் திறக்க வைக்கிறது.

ஒரு பாஸ்பேட்டுக்கு அவ்வளவு சக்தியா? பாஸ்போரிலேஸ் 840க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த நீளமான சங்கிலி. கைனேஸ் தொடுவது அதில் ஒரே ஒரு மணியைத்தான்: 14ஆவது இடத்திலுள்ள செரினை. பாஸ்பேட் எதிர்மின்சுமை நிறைந்த கட்டி. அது ஒட்டியவுடன், சங்கிலியின் அந்த முனை பழைய இடத்தைவிட்டு விலகி, நேர்மின்சுமையுள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் இருக்கும் பக்கம் சாய்கிறது. ஒரு முனை நகர்ந்ததில் முழுப் புரதமும் முறுக்கிக்கொண்டு, அடைந்து கிடந்த வேலைக்குழியைத் திறந்துவிடுகிறது. வேறு புரதங்களில் அதே பாஸ்பேட் வேலையை நிறுத்தவும் செய்யும். செல்லுக்குள் புரதத்தை இடம் மாற்றவும் செய்யும்.

ஒட்டியதைக் கழற்றுவதற்கு பாஸ்படேஸ் என்ற எதிர்த்தரப்பு நொதிகள் இருக்கின்றன. இவற்றைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கென்னவோ ஆட்டத்தின் பாதி இவர்களுடையது. கழற்ற ஆளில்லாவிட்டால் போட்ட சுவிட்ச் போட்டபடியே கிடக்கும்.

இருட்டில் ஒரு நாய் துரத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோன் செல்லுக்குள் நுழைவதே இல்லை. வாசலில் நின்று கதவைத் தட்டுவதோடு சரி. உள்ளே சுழல் ஏஎம்பி என்ற மூலக்கூறு உற்பத்தியாகிறது. அது புரதக் கைனேஸ் ஏ என்ற நொதியின் வாயில் செருகியிருக்கும் அடைப்பை எடுத்துவிடுகிறது. விடுபட்ட கைனேஸ் ஏ, சியாட்டிலில் கண்ட அந்தக் கைனேஸுக்குப் பாஸ்பேட் ஒட்டுகிறது. அது பாஸ்போரிலேஸுக்கு ஒட்டுகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு நொதி பல நொதிகளை எழுப்புவதால், வாசலில் விழுந்த சில தட்டல்கள் உள்ளே குளுக்கோஸ் வெள்ளமாகின்றன. கிளைக்கோஜன் கட்டும் நொதியையும் கைனேஸ் ஏ அதே மூச்சில் அடக்கிவைக்கிறது. ஒரு கையால் கட்டிக்கொண்டே மறு கையால் இடிப்பது வீண்வேலை அல்லவா!

மனித மரபணுத் தொகுதியை 2002இல் அலசியபோது கைனேஸ்களின் எண்ணிக்கை 518 என்று வந்தது. இவற்றில் பெரும்பாலானவை செரின், திரியோனின் ஆகிய இரண்டு அமினோ அமிலங்களில்தான் பாஸ்பேட்டை ஒட்டும். டைரோசின் என்ற மூன்றாவது அமினோ அமிலத்திலும் ஒட்டுபவை உண்டு என்பது 1979வரை யாருக்கும் தெரியாது. அதைக் கண்டதும் ஒரு சில்லறைத் தவறால்தான். கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் டோனி ஹண்டர், கட்டி உண்டாக்கும் ஒரு வைரஸின் புரதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். பிரித்தெடுக்கப் பயன்படும் கரைசலைப் புதிதாகக் கலக்கச் சோம்பல்பட்டு, பழையதையே ஓட்டினார். அமிலத்தன்மையைக் காட்டும் அதன் பிஹெச் அளவு 1.9இலிருந்து 1.7க்கு இறங்கியிருந்தது. சரியான கரைசலில் பாஸ்பேட் ஒட்டிய திரியோனினும் டைரோசினும் ஒரே புள்ளியாகத்தான் தெரிந்திருக்கும். கெட்டுப்போன கரைசலில் இரண்டும் தனித்தனியாக நின்றன. சாதாரணச் செல்லில் பாஸ்பேட் ஏறிய அமினோ அமிலங்களில் ஆயிரத்தில் ஒன்றுகூட டைரோசின் கிடையாது. ஆனால் செல் வளரலாமா, பிளவுபடலாமா என்ற முடிவுகளில் பல அந்த ஒன்றின் வழியாகத்தான் போகின்றன.

ஏபிஎல் அப்படியொரு டைரோசின் கைனேஸ். அதன் மரபணு 9ஆம் குரோமோசோமில் இருக்கிறது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் உடைந்து துண்டுகளை மாற்றி ஒட்டிக்கொள்கின்றன. அப்படிக் குட்டையாகிப்போன 22ஆம் குரோமோசோமை 1960இல் பிலடெல்பியாவில் கண்டார்கள்; துண்டுகள் இடம் மாறியதுதான் காரணம் என்று 1973இல் சிகாகோவின் ஜேனட் ரௌலி நிறுவினார். ஒட்டுப்போட்ட மரபணுவிலிருந்து பிறக்கும் புரதத்தில் ஏபிஎல்லின் முன்முனை காணாமல் போய்விடுகிறது. அந்த முனையில்தான் தடை இருந்தது. அதில் மிரிஸ்டிக் அமிலம் என்ற கொழுப்பு வால் தொங்கும். நம் தேங்காய் எண்ணெயில் தாராளமாக உள்ள அதே அமிலம்தான். கைனேஸின் முதுகிலுள்ள ஒரு பள்ளத்தில் இந்த வால் தாழ்ப்பாள் போலச் செருகிக்கொண்டால் கைனேஸ் அடங்கிக் கிடக்கும். தாழ்ப்பாள் போன ஏபிஎல், பெருகு பெருகு என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

கைனேஸில் ஏடிபி வந்து அமரும் குழியை மருந்தால் அடைத்துவிடலாம் என்ற யோசனையைப் பலர் நம்பவில்லை. ஐந்நூற்றுச் சொச்சம் கைனேஸ்களுக்கும் குழி ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும்போது, ஒன்றை மட்டும் எப்படி அடைப்பது? இமாட்டினிப் என்ற மருந்து அதற்கு ஒரு வழி கண்டது. ஏபிஎல் ஓய்வாகச் சுருண்டிருக்கும் கணத்தில் குழிக்குக் கிடைக்கும் தனி வடிவத்தில் போய் அது அமர்ந்துகொள்கிறது. 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதல் பெரிய ஆய்வில் இந்த மாத்திரையில் தொடங்கிய நோயாளிகளில் 83 சதவீதத்தினர் பத்தாண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தார்கள்.

இதன் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் மருந்து நிறுவனம் 1998இல் விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில். 2006இல் நிராகரிப்பு, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்திலும் தோல்வி. தெரிந்த பொருளின் புது வடிவம், சிகிச்சைப் பலன் கூடியதாகக் காட்டப்படவில்லை என்பது தீர்ப்பின் சாரம். இந்தியாவில் மலிவான இமாட்டினிப் தொடர்ந்து கிடைப்பதற்கு அந்த வழக்கும் ஒரு காரணம்.

புற்றுநோய் சும்மா இருக்குமா? சிலருக்கு ஏபிஎல்லின் 315ஆவது இடத்தில் இருக்கும் திரியோனின், ஐசோலூசின் என்ற வேறொரு அமினோ அமிலமாக மாறிவிடும். குழியின் வாசலில் புடைத்து நிற்கும் ஐசோலூசின் இமாட்டினிப்பை உள்ளே விடாது. ஏடிபிக்கு மட்டும் வழிவிடும். 2021இல் அனுமதி பெற்ற அசிமினிப் என்ற மருந்து அந்த வாசல் பக்கமே போவதில்லை. பின்பக்கமாகச் சென்று, கொழுப்பு வால் செருகியிருந்து இப்போது காலியாகக் கிடக்கும் பழைய பள்ளத்தில் உட்கார்ந்துகொள்கிறது. தாழ்ப்பாள் மறுபடி விழுகிறது.