எந்த ஆயுதம், யார் கையில்?

கிரீன் கார்டு தாள்களோடு வந்த இளைஞர், பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகித இலக்கை எடுத்து என் மேசையில் விரித்தார். துப்பாக்கி சுடும் ரேஞ்சில் வாடகைப் பிஸ்டலால் சுட்டதாம். ஏழு துளைகள் நடுவட்டத்தில். “அடுத்து எந்தத் துப்பாக்கி வாங்கலாம் சார்? அதுதான் இரண்டாவது திருத்தம் இருக்கிறதே!”

ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லி 1791-இல் அமெரிக்க அரசியல் சட்டத்தில் வந்த அந்தத் திருத்தத்தில் துப்பாக்கி என்ற சொல்லே கிடையாது. ‘ஆயுதங்கள்’ என்பதோடு சரி. எவை என்பதை ஒவ்வொன்றாக வழக்காடித்தான் தெரிந்துகொள்கிறோம். குழலை அறுத்துக் குட்டையாக்கிய ஷாட்கன்னுக்கு 1939-இல் உச்ச நீதிமன்றம் பாதுகாப்புத் தரவில்லை. வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை 2008-இல், ஹெல்லர் வழக்கில், ஏற்றது. மக்களிடம் பரவலாகப் புழங்குகிறதா என்பதே அதன் உரைகல்.

இந்த உரைகல் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை. இயந்திரத் துப்பாக்கி ஏன் பரவலாகப் புழங்கவில்லை? 1986-க்குப் பிறகு புதிதாக வந்தவற்றைப் பொதுமக்கள் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் சொல்வதால். தடையால் புழக்கம் இல்லை, புழக்கம் இல்லாததால் தடை செல்லும்! ஏஆர்-15 ரக அரைத் தானியங்கித் துப்பாக்கியோ கோடிக்கு மேல் விற்றுவிட்டது. ஆனாலும் மேரிலாந்து மாநிலத்தின் தடை இன்னும் நிற்கிறது. அதை எதிர்த்த மனுவை 2025-இல் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கே எடுக்கவில்லை.

நான் அடிக்கடி எடுத்துச் சொல்வது கைட்டானோ வழக்கு. மாசசூசெட்ஸில், அடித்துத் துன்புறுத்திய முன்னாள் காதலனிடம் ஒரு பெண் ஸ்டன் கன் என்ற மின்அதிர்ச்சிக் கருவியை எடுத்துக் காட்டினார். காட்டியதற்கே அவன் போய்விட்டான். ஆனால் அதைக் கைப்பையில் வைத்திருந்ததற்காகத் தண்டனை அவருக்கு! திருத்தம் எழுதிய காலத்தில் இப்படியொரு கருவி புழக்கத்தில் இல்லையே என்றது மாநில உயர்மட்ட நீதிமன்றம். அந்த வாதம் செல்லாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. அதே மாநில நீதிமன்றம் 2024-இல், பொத்தானை அழுத்தினால் விரியும் கத்திக்கு இருந்த தடையையும் நீக்கியது.

இளைஞருக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. பிறகு விசாவைக் கேட்டேன். ஹெச்1பி, அதாவது தற்காலிக வேலை விசா.

“வேட்டை லைசென்ஸ் இருக்கிறதா?”

“நான் முட்டைகூடச் சாப்பிடமாட்டேன் சார்.”

அந்த லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிக் குற்றம். 15 ஆண்டுவரை சிறை. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துப் பிடிப்பதும் ‘வைத்திருப்பது’தான். அவர் காகிதத்தை மெதுவாக மடித்தார்.

“மனைவிக்கு பெப்பர் ஸ்பிரே?”

வாங்கலாம். நியூ ஜெர்சியில் முக்கால் அவுன்ஸுக்கு மேல் கூடாது. டப்பாவில் அளவைப் பார்த்து வாங்கச் சொன்னேன்.