உபவாசம் இருங்கள், டாக்டரிடம் சொல்லிவிட்டு

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து எனும் உபவாச காலம் சாம்பல் புதனன்று தொடங்கும். அது முடிந்து சில நாட்களிலேயே எங்கள் சர்க்கரை நோய்ப் பிரிவுக்கு ஒரே மாதிரியான கேஸ்கள் வர ஆரம்பிக்கும். முற்பகலில் வியர்வை, கைநடுக்கம், பேச்சில் குழறல். விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 50-ஐ ஒட்டி நிற்கும். "காலையில என்ன சாப்பிட்டீங்கம்மா?" என்றால் பதில் வராது. கூட வந்த மகள்தான் சொல்வாள்: "லெந்து நாள் டாக்டர், மத்தியானம் வரைக்கும் அம்மா எதுவும் சாப்பிட மாட்டாங்க." மாத்திரையை மட்டும் காலையிலேயே போட்டிருப்பார்.

முன்கூட்டியே ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், பலரும் மத்தேயு 6-ஆம் அதிகாரத்தைத்தான் காட்டுகிறார்கள். உபவாசம் மனுஷருக்குத் தெரியக்கூடாதே! ஆனால் இயேசு அங்கே கண்டித்தது ஊர் மெச்ச முகத்தை வாடவைத்துக்கொள்கிறவர்களை. மாத்திரை எழுதித் தருகிறவரிடம் மறைக்கச் சொல்லவில்லை.

கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகள் நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிறு காலியாக இருந்தால் சுகர் சரியும். காலை, இரவு போடும் கலப்பு இன்சுலினிலும் இதே ஆபத்து. மெட்ஃபார்மினை மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பயம் குறைவு. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் டபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் வேறு ரகம்: நீண்ட உபவாசத்தில் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடலாம், அப்போது சுகர் அவ்வளவு உயராமலும் இருக்கலாம் என்பதால் ஏமாந்துவிடுவோம். இவற்றின் அளவையும் நேரத்தையும் உபவாசத்துக்குத் தகுந்தபடி மாற்ற முடியும். அதற்கு ஒரு வாரம் முன்பே வர வேண்டும், அவ்வளவுதான். டைப் 1 நோயாளிகள், கர்ப்பிணிகள், சிறுநீரகம் பழுதானவர்கள் முழு உபவாசம் இருக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

சுகர் 70-க்குக் கீழே போனால் உபவாசத்தை அங்கேயே முடித்துவிடுங்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஜெபம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டம்கூட 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களையும் 59 வயது முடிந்தவர்களையும் நோன்பிலிருந்து விட்டுவிடுகிறது. நோயாளிக்கும் விலக்கு உண்டு.

பெரிய வெள்ளியன்று கூடுதல் கவனம் வேண்டும். வெயில் காலம், 12 மணி முதல் 3 மணி வரை மும்மணி ஆராதனை. பிரஷருக்காக நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் தண்ணீர்கூட இல்லாமல் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் தலைசுற்றி விழுவார்கள். அப்புறம், ஆராதனை முடிந்து கோயிலில் கொடுக்கும் கஞ்சி. பசியில் இரண்டு கிண்ணம் குடித்தால் சுகர் எகிறும். ஒரு கிண்ணம், பயறு கூட்டிக் குடியுங்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது, சபையில் தேவன் தங்களுக்குச் செய்ததை எழுந்து சாட்சி சொல்லும் நேரம். "உபவாசத்துக்கு அப்புறம் சுகர் நார்மல், மாத்திரையை விட்டுட்டேன்" என்று ஒருவர் சொல்ல, கேட்ட நாலு பேர் தங்கள் மாத்திரையையும் நிறுத்துகிறார்கள். சாப்பிடாத நாளில் சுகர் குறைவது இயல்பு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பார்த்தால்தான் உண்மை தெரியும். வலிப்பு மாத்திரையை இப்படித் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. லூக்கா 17-இல் பத்துக் குஷ்டரோகிகளிடம் இயேசு சொன்னது, போய் ஆசாரியர்களுக்குக் காண்பியுங்கள் என்று. சுகமானதைப் பரிசோதித்துச் சொல்லும் பொறுப்பு அந்நாளில் ஆசாரியருடையது. நீங்களும் வந்து காண்பியுங்கள். குறைக்கலாம் என்றால் நானே சந்தோஷமாகக் குறைத்துத் தருவேன்.

உபவாசம் இருக்கவே முடியாதவர்கள் ஏசாயா 58-ஐப் படியுங்கள். பசித்தவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பதையும் அங்கே உபவாசம் என்றே தேவன் சொல்கிறார். போதகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: லெந்துக்கு முந்தைய ஞாயிறு அறிவிப்பில், "சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டு உபவாசம் தொடங்குங்கள்" என்று ஒரு வரி சேருங்கள். நாங்கள் பத்து முறை சொன்னாலும் கேட்காதவர்கள் நீங்கள் ஒருமுறை சொன்னால் கேட்பார்கள்.