கல்டிவார் என்றால் இனம் இல்லை, ரகம்

அவகாடோ பற்றி எதைத் தமிழாக்கினாலும் அதன் கல்டிவார்களான ஹாஸையும் ஃபுவெர்ட்டேயையும் "ஹாஸ் இனம்", "ஃபுவெர்ட்டே இனம்" என்றே எழுதுகிறார்கள். படிக்கப் படிக்க எரிச்சலாக இருக்கிறது.

கல்டிவார் என்ற சொல்லை 1923-இல் உருவாக்கியவர் அமெரிக்கத் தோட்டக்கலை அறிஞர் லிபர்ட்டி ஹைட் பெய்லி. மனிதர் தேர்ந்தெடுத்து, குணம் மாறாமல் பெருக்கிப் பயிரிடும் செடி என்று பொருள். அவ்வளவுதான்.

இனம் என்பது தாவரவியலில் வேறு படி. உலகத்து அவகாடோ ரகங்கள் எல்லாம் பெர்சியா அமெரிக்கானா என்ற ஒரே இனம்தான். அதற்குள் மெக்சிகோ, குவாத்தமாலா, மேற்கிந்தியத் தீவு என்று மூன்று வகைகள். மெக்சிகோ வகையின் இலையைக் கசக்கினால் சோம்பு வாசம் வரும், பழத்தோல் மெல்லிசு. குவாத்தமாலாவுக்குத் தடித்த தோல். மேற்கிந்தியத் தீவுப் பழத்தில் எண்ணெய் குறைவு. ஹாஸ் முதல் இரண்டின் கலப்பு, 2019-இல் வந்த மரபணு ஆய்வின்படி சுமார் 61 விழுக்காடு மெக்சிகோ, மீதி குவாத்தமாலா. இனம், வகை, ரகம் என்ற மூன்று படிகளுக்கும் 'இனம்' என்றே போட்டால், "ஓர் இனத்தின் இரண்டு இனங்கள் கலந்த இனம்" என்று வாக்கியம் அமையும், அதை யார் புரிந்துகொள்வது? ஹாஸ் பூ முதல் நாள் காலையில் பெண்ணாகவும் மறுநாள் பிற்பகலில் ஆணாகவும் விரியும், ஃபுவெர்ட்டே முதல் நாள் பிற்பகலில் பெண், மறுநாள் காலையில் ஆண், அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் நடுகிறார்கள். வேறு வேறு இனம் என்று நம்பிப் படிப்பவருக்கு இந்த மகரந்தச் சேர்க்கையே விளங்காது. அப்புறம் ஹாஸ் கொட்டையைப் போட்டால் அவகாடோ மரம் வரும், ஹாஸ் வராது, ஒட்டுத்தான் கட்ட வேண்டும். இனத்துக்கும் ரகத்துக்கும் உள்ள வேறுபாடு இதில் அடங்கிவிட்டதே!

ரகம் உருது வழி வந்தது, 'பயிரிடும்வகை' என்றே எழுதுங்கள் என்பார்கள் சிலர். தமிழ்ப்பற்று சரி. ஆனால் 'வகை' மேலே சொன்ன மெக்சிகோ முதலிய மூன்றுக்கும் வேண்டியிருக்கிறது, ரகத்துக்கும் அதையே கொடுத்தால் பழைய குழப்பம்தான். நெல் ரகம், கரும்பு ரகம் என்று உழவரும் வேளாண் துறையும் நாள்தோறும் சொல்வதை விட்டுவிட்டு எதற்குப் புதுச்சொல்?

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கிடைப்பதை எடுத்துப் போடுகிறார்கள், மூலத்தைப் பார்ப்பதில்லை. பெர்சியா அமெரிக்கானா 'ஹாஸ்' என்று ரகப்பெயருக்கு ஒற்றை மேற்கோள் போடுவது உலகம் முழுக்க உள்ள விதி. தமிழில் அந்தக் குறியையும் தூக்கிவிடுகிறார்கள்.