பகல் குறையும், ரோமம் நிறையும்

பனி பெய்து ஓய்ந்த காலையில் வெளியே நிற்கும் மாட்டின் முதுகைப் பாருங்கள். விழுந்த பனி உருகாமல் அப்படியே கிடந்தால் பதற வேண்டாம். அந்த மாடு சுகமாக இருக்கிறது. உடலுக்குள் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு, சில விரற்கடை தள்ளி உருகாத பனி. இடையில் இருக்கும் ரோமம் சூட்டை வெளியே விடவில்லை என்று பொருள். விழுந்த பனி உடனுக்குடன் உருகி வழியும் முதுகுதான் கவலைக்குரியது.

அந்த ரோமத்தைக் கையால் வகிர்ந்து பார்த்தால் இரண்டு அடுக்குகள் தெரியும். மேலே நீளமான முரட்டு மயிர். அடியில், தோலை ஒட்டி, குட்டையாகவும் மெல்லியதாகவும் அடர்ந்திருக்கும் மயிர். சூட்டைக் காப்பது பெரும்பாலும் மயிரல்ல. அடி மயிருக்குள் அசையாமல் சிக்கியிருக்கும் காற்று. மேல் மயிர் மழையையும் பனியையும் வழிந்தோடச் செய்கிறது. தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் அதற்கு மெல்லிய பூச்சுக் கொடுக்கின்றன. குளிர் உறைத்தவுடன் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஒட்டியிருக்கும் சிறு தசை சுருங்கி மயிரை நிமிர்த்துகிறது, காற்றடுக்கு தடிக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு எதிரி ஈரம். காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு எளிதாகச் சூட்டைக் கடத்தும். அடர்ந்து வளர்ந்த, உலர்ந்த குளிர்கால ரோமமுள்ள மாடு, உறைநிலைக்குக் கீழே 8 டிகிரி வரை உடல் சூட்டுக்காகக் கூடுதல் தீனி தேவைப்படாமல் தாங்கும் என்பது கால்நடை வல்லுநர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. அதே மாடு தோல் வரை நனைந்துவிட்டால், உறைநிலைக்கு மேலே 15 டிகிரியிலேயே தீனியை எரித்துச் சூடு தேட வேண்டியிருக்கும். ரோமத்தில் காய்ந்து தொங்கும் சாணக்கட்டியும் சேறும் இதே கேட்டைச் செய்கின்றன. மயிரை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் காற்றை வெளியேற்றிவிடுகின்றன. ஆகவே கண்காட்சிப் போட்டிக்காக வளர்க்கும் மாட்டைத் தேய்த்துச் சுத்தமாக வைப்பது அழகுக்காக மட்டும் அல்ல.

குளிர் வந்ததால் ரோமம் வளர்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். குளிருக்கும் இதில் பங்குண்டு. ஆனால் முதல் கட்டளை பகலின் நீளத்திலிருந்து வருகிறது. இருட்டு நேரத்தில் மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலடோனினைச் சுரக்கிறது. இரவு நீள நீள மெலடோனின் சுரக்கும் நேரமும் நீள்கிறது. அதைப் பார்த்துப் பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டின் என்னும் ஹார்மோனைக் குறைத்துக்கொள்கிறது. புரோலாக்டின் குறைந்தால் குளிர்கால ரோமம் வளர்கிறது. வசந்தத்தில் பகல் நீண்டு புரோலாக்டின் கூடும்போது பழைய ரோமம் உதிர்கிறது. பால் சுரப்போடு நாம் சேர்த்துப் பேசும் ஹார்மோன் மாட்டின் மேலாடையையும் ஆள்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

சான்று வேண்டுமா? டால் ஃபெஸ்க்யூ என்னும் மேய்ச்சல் புல்லுக்குள் ஒரு பூஞ்சை வாழ்கிறது. அது உண்டாக்கும் நச்சு, மேயும் மாட்டின் புரோலாக்டினை அடக்கிவிடுகிறது. அந்த மாடுகள் கொளுத்தும் கோடையிலும் குளிர்கால ரோமத்தை உதிர்க்காமல், மூச்சிரைத்தபடி நிற்கும். மறுபுறம், கரீபியத் தீவுகளில் உருவான செனபோல் இனத்தில், புரோலாக்டினை ஏற்கும் மரபணுவில் ஒரு மாற்றம். அந்த மாடுகளுக்கு எப்போதும் குட்டையான, வழவழப்பான ரோமம்தான்.

இதிலிருந்து வளர்ப்பவருக்கு ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கிறது. கொட்டிலில் நள்ளிரவு வரை விளக்கெரியவிட்டால் மாட்டின் உடல் அதைக் கோடை என்று கணக்கிடும். நாளுக்கு 16 மணி நேரம் ஒளி கிடைக்கும் மாடு குளிர்காலத்திலும் ரோமத்தை உதிர்க்கத் தொடங்கிவிடும். கோடைக் கண்காட்சிக்கு அடர்ந்த ரோமம் வேண்டும் என்பவர்கள் பகலில் மாட்டைக் குளிரூட்டிய, வெளிச்சம் குறைந்த அறையில் கட்டுவதன் காரணமும் இதுதான்.

இறைச்சி இன மாடுகளைக் கண்காட்சிக்குத் தயார்செய்பவர்கள், ரோமத்தை நாள்தோறும் நனைத்து, பிரஷால் முன்னோக்கியும் மேல்நோக்கியும் வாரி, காற்றூதும் கருவியால் அதே திசையில் உலர்த்துகிறார்கள். மயிர் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. கெரட்டின் இழைகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் நனைந்ததும் அவிழ்கின்றன. உலரும்போது, மயிர் எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில் மீண்டும் முடிச்சிடுகின்றன. அடுத்த ஈரம் படும்வரைதான் அந்த முடிச்சு நிற்கும். அதனால்தான் ஒரு நாள் வாரிவிட்டுப் பயனில்லை. சீவுவதால் மயிர்க்கால் கூடுதலாக வளர்ப்பதில்லை. இருக்கும் மயிர் ஒடியாமல் நிமிர்ந்து நிற்கிறது.

உலர்த்துவதில் அவசரம் கூடாது. மேல் மயிர் பளபளவென்று காய்ந்த பிறகும் அடி மயிர் சொதசொதவென்று இருக்கும். விரல்களை மயிருக்குள் தோல் வரை விட்டு, தோள், விலா, அடிவயிறு என்று தடவிப் பார்க்க வேண்டும். விரல் நுனியில் குளிர்ச்சி தட்டினால் மாடு வெளியே போகக் கூடாது. உறைபனி நாளில் தண்ணீரே வேண்டாம். உலர்ந்த பிரஷ் போதும்.

ஷாம்பூவை அடிக்கடி போடுவதை நான் ஏற்பதில்லை. எண்ணெய்ப் பூச்சு போய், தோல் வறண்டு பொடுகு உதிரும். அரிப்பெடுத்த மாடு கம்பத்தில் உரசும். பல வாரம் பார்த்துப் பார்த்து வளர்த்த தோள் ரோமம் ஒரே நாளில் ஒடிந்துபோகும். உரசல் நிற்கவில்லை என்றால் பேனைத் தேடுங்கள். அடர்ந்த ரோமத்துக்குள் பேன் பெருகுவது குளிர்காலத்தில்தான். வட்ட வட்டமாகச் சாம்பல் நிறப் பொருக்குத் தெரிந்தால் அது பூஞ்சையால் வரும் படர்தாமரை. மனிதருக்கும் தொற்றும், பிரஷ் வழியாக மாட்டுக்கு மாடும் போகும். கறுப்பு மாட்டின் ரோமம் செம்பட்டையானால் வெயிலும் காரணமாக இருக்கலாம், தீனியில் தாமிரக் குறைவும் காரணமாக இருக்கலாம். தாமிரம் இல்லாமல் கறுப்பு நிறமி உருவாவதில்லை. அந்தக் குறையை எந்தப் பிரஷும் தீர்க்காது.

பால் மாட்டுக் கண்காட்சியின் வழக்கம் வேறு. எலும்பமைப்பும் மடியின் இரத்த நாளங்களும் தெரிய உடல் ரோமத்தை ஒட்ட வெட்டி, முதுகுக்கோடு நேராகத் தெரிய முதுகெலும்பின்மேல் மட்டும் சிறிது விட்டுவைப்பார்கள். குளிர்காலத்தில் அப்படி வெட்டினால் மாடு தன் காற்றடுக்கை இழக்கிறது. போர்வையும் காற்று மறைப்பும் கூடுதல் தீனியும் கொடுக்க முடியாதவர் அந்தக் கத்தரிப்பில் இறங்கக் கூடாது. கொட்டிலை இறுக மூடிவிடுவதும் தீர்வல்ல. மூச்சின் ஈரமும் சிறுநீரின் அம்மோனியாவும் உள்ளேயே தங்கி, ரோமத்தையும் நுரையீரலையும் சேர்த்துக் கெடுக்கும்.

பகல் நீளத் தொடங்கியதும் உதிர்தல் கழுத்தில் ஆரம்பித்து, முதுகு வழியாகப் பின்னோக்கிப் போய், அடிவயிற்றிலும் தொடையின் கீழ்ப்பகுதியிலும் கடைசியாக முடியும். இந்த நாட்களில் பற்சீப்பால் தினமும் செத்த ரோமத்தை வாரி எடுத்தால் அரிப்புக் குறையும். மந்தையில் மற்றவை வழவழப்பான பிறகும் ஒரு மாடு மட்டும் கந்தலாக நின்றால், குடற்புழு, தீனிக் குறைவு அல்லது நோய் இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டிப் பார்த்துவிடுவது நல்லது.