மலைக்குப் போய்ச் செய்யும் கல்யாணம்: ‘எலோப்மென்ட்’டும் உடன்போக்கும்

‘எலோப்மென்ட்’ என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டினால், ‘காதலனுடன் ஓடிப்போதல்’ என்ற பொருள்தான் கிடைக்கும். அதை மட்டும் வைத்துக்கொண்டு இன்றைய கல்யாணப் பேச்சைப் பின்தொடர முடியாது. பாளையங்கோட்டையில் ஒரு பையன் போட்டோகிராபரிடம், “அண்ணே, மாஞ்சோலைக்கு மேல வச்சு ஒரு எலோப்மென்ட் எடுத்துத் தருவியளா?” என்று கேட்டால், பக்கத்தில் நிற்கிற அப்பா, “ஓடிப்போறவனுக்கு எதுக்குல போட்டோகிராபர்?” என்றுதான் கேட்பார். அப்பா கேட்பது நியாயம். பையன் சொன்னதும் தப்பில்லை. அப்பாவின் காலத்துக்கும் பையனின் காலத்துக்கும் நடுவே சொல் இடம் மாறிவிட்டது.

சொல்லின் வேர் ஓட்டம்தான். டச்சு மொழியில் ‘லோப்பன்’ என்றால் ஓடுதல். அந்தக் குடும்பத்துச் சொல் நார்மன் பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துச் சட்டமொழிக்குள் நுழைந்தது என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. அங்கே அதற்குக் காதல் வாசனையே கிடையாது. கட்டிய கணவனை விட்டு வேறொருவனுடன் போய்விடும் மனைவியைக் குறித்த சொல் அது. அப்படிப் போனவளுக்குக் கணவன் இறந்தபின் அவன் நிலத்தில் வரவேண்டிய பங்கு கிடையாது என்று 1285ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. காதலர்கள் வீட்டுக்குத் தெரியாமல் போய் மணந்துகொள்வது என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அதை ஊரறியச் செய்தது 1753இல் வந்த திருமணச் சட்டம். 21 வயது நிரம்பாதவர்கள் பெற்றோர் சம்மதம் இல்லாமல் மணக்கக்கூடாது என்று இங்கிலாந்தில் விதி வந்தது. பக்கத்து ஸ்காட்லாந்தில் அந்த விதி செல்லாது. காதலர்கள் குதிரைவண்டி பிடித்து எல்லை தாண்டினார்கள். தாண்டியதும் வருகிற ஊர் கிரெட்னா கிரீன். அங்கே கொல்லன் பட்டறையில், பட்டடைக்கல் முன்னால் நின்று, சாட்சிகளை வைத்துக் கல்யாணத்தை முடித்துக்கொண்டார்கள். 1856இல், மணமக்களில் ஒருவராவது 21 நாள் ஸ்காட்லாந்தில் தங்கியிருக்க வேண்டும் என்று சட்டம் வந்த பிறகுதான் அந்த ஓட்டம் குறைந்தது.

மருத்துவமனையில் ஒரு நோயாளி யாரிடமும் சொல்லாமல் எழுந்து வெளியே போய்விட்டாலும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். ஓட்டம் என்ற வேர் இன்னும் செத்துவிடவில்லை.

புதுப்பொருள் அமெரிக்காவில் பிறந்தது. அதில் ஓட்டமும் இல்லை, ஒளிவும் இல்லை. மண்டபம், ஐந்நூறு இலை, மொய்நோட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இரண்டு பேரும் ஒரு மலைக்கோ பாலைவெளிக்கோ போய் வாக்குக் கொடுத்துக்கொள்வது. கூட ஒரு போட்டோகிராபர், இருந்தால் நாலைந்து உறவினர். மாதக்கணக்கில் திட்டம் போடுவார்கள். தேசியப் பூங்கா என்றால் முன் அனுமதி, கூட்டம் வராத வாரநாள், சூரிய உதயத்துக்கு முன் ஏறுவதற்கு நெற்றி விளக்கு, மழை வந்தால் போக வேறோர் இடம். பூவிதழையோ அரிசியையோ காட்டில் தூவக்கூடாது. கொண்டுபோனதை எல்லாம் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். கொலராடோ மாநிலத்தில் மதகுருவோ அதிகாரியோ இல்லாமல் மணமக்கள் தாங்களே தங்கள் மணத்தை நடத்திக்கொள்ளலாம். மலைக் கல்யாணங்கள் அங்கே பெருகியதற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம். பெற்றோருக்குத் தெரிந்தே நடக்கும், பல சமயம் அவர்களே காசும் கொடுப்பார்கள். இதைப் போய் ‘ஓடிப்போதல்’ என்று எழுதினால் எப்படி?

நம் பேச்சில் உள்ள சொற்களையும் பார்த்துவிடலாம். ‘ஓடிப்போயிட்டா’, ‘கூட்டிட்டு ஓடிட்டான்’, ‘இழுத்துட்டு ஓடிட்டான்’. எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் மேல் பழி இருக்கிறது. ‘இழுத்துட்டு’ என்பதில் பெண்ணுக்கு விருப்பமே இல்லாததுபோல ஒரு தொனி. ‘ஓடுகாலி’ பற்றிச் சொல்லவே வேண்டாம். அகராதியில் ஊர்சுற்றும் ஆள் யாருக்கும் பொருந்தும் சொல்தான். தெருவில் அதைப் பெண்ணைப் பார்த்து மட்டும்தான் வீசுகிறார்கள். ஆங்கிலச் சட்டம் மனைவியை மட்டும் பிடித்த மாதிரியேதான்.

பழந்தமிழ் இதற்கு வைத்திருக்கும் பெயர் உடன்போக்கு. உடன் என்றால் சேர்ந்து, கூட. போக்கு என்றால் போதல். சேர்ந்து போதல், அவ்வளவுதான். இழுத்தவரும் இல்லை, ஓடியவரும் இல்லை. தொல்காப்பியம் இதையே ‘கொண்டுதலைக்கழிதல்’ என்றும் சொல்கிறது. அது தலைவன் கொண்டுபோவதாக நின்று பேசும் சொல். எனக்கு உடன்போக்குதான் பிடித்திருக்கிறது, அதில் இரண்டு பேரும் சமமாக நடக்கிறார்கள்.

சங்கப் பாட்டில் உடன்போக்கு ஆத்திரத்தில் நடக்கும் காரியம் இல்லை. முதலில் ஊரில் அலர், அதாவது பழிப்பேச்சு எழும், பெண்ணை வீட்டுக்குள் வைத்துக் காப்பார்கள். தோழி செவிலி என்கிற வளர்ப்புத்தாயிடமும், செவிலி பெற்ற தாயிடமும் உண்மையைச் சொல்லிப் பார்ப்பார்கள்; அதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். அதுவும் பலிக்காது என்று தெரிந்தால்தான் தோழி நாள் பார்ப்பாள், நேரம் குறிப்பாள். தலைவியை அவன் கையில் ஒப்படைப்பதற்கே ‘கையடுத்தல்’ என்று தனிச்சொல் உண்டு. நற்றிணையின் 10ஆம் பாட்டு அந்த இடம்தான். இவளுக்கு இளமை தளர்ந்து கூந்தல் நரைத்தாலும் ‘நீத்தல் ஓம்புமதி’, கைவிட்டுவிடாதே என்கிறாள் தோழி. இன்றைக்குக் கல்யாண ஏற்பாட்டாளர் பார்க்கிற வேலை முழுவதையும் அவள் ஒருத்தியே பார்த்திருக்கிறாள், கூலி இல்லாமல்.

போகிற வழி காடும் மலையும்தான். குறுந்தொகை 7இல் வழிப்போக்கர்கள் ஒரு ஜோடியைப் பார்க்கிறார்கள். அவன் கையில் வில், காலில் கழல். அவள் கையில் வளை, ‘மெல்லடி மேலவும் சிலம்பே’. பார்த்தவர்கள் பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. காலைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கு முன் சிலம்பு கழி நோன்பு என்று சடங்கு செய்து பெண்ணின் காற்சிலம்பைக் கழற்றுவார்கள். காலில் சிலம்பு கிடக்கிறது என்றால் இன்னும் மணமாகவில்லை. வாகை நெற்று காற்றில் கலகலக்கும் மூங்கில் காட்டுக்குள் அவர்கள் நுழைகிறார்கள். ‘அளியர் தாமே’, பாவம், யாரோ என்பதோடு பார்த்தவர்கள் விட்டுவிடுகிறார்கள். மறிக்கவும் இல்லை, ஊருக்கு ஆள் அனுப்பவும் இல்லை.

பெண்ணைக் கொடுக்க ஆளில்லாமல் நடந்தால் அது கல்யாணமா? தொல்காப்பியம் கற்பியலில் நேராகவே பதில் இருக்கிறது: ‘கொடுப்போர் இன்றியும் கரணம் உண்டே, புணர்ந்துடன் போகிய காலை யான.’ கரணம் என்றால் மணச்சடங்கு. கொடுப்பவர் இல்லாவிட்டாலும் உடன்போனவர்களுக்குச் சடங்கு உண்டு, அது செல்லும். அப்புறம் ஐங்குறுநூறு 399ஐயும் படிக்க வேண்டும். ‘சிலம்பு கழிக்கும் சடங்கை உங்கள் வீட்டில் செய்துகொண்டீர்கள், சரி, கல்யாணத்தையாவது எங்கள் வீட்டில் நடத்தக்கூடாதா என்று அந்தப் பையனைப் பெற்ற தாயிடம் கேட்டால் என்ன?’ என்று பெண்வீட்டிலிருந்து பையன் வீட்டுக்குத் தூது போகிறது. பிள்ளைகள் தாங்களே முடித்துக்கொண்டு வந்தபின், ‘ரிசப்ஷனாவது நம்ம பக்கம் வச்சிருவோம்’ என்று இறங்கிவரும் அத்தனை அம்மாக்களும் இந்தப் பாட்டில் இருக்கிறார்கள்.

நம் பக்கத்து மலைக் கல்யாணம் என்றதும் முத்துப்பட்டன் கதையைச் சொல்வார்கள். காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாக நிற்பவர் அவர்தான். பிராமண வீட்டைவிட்டு வந்த பட்டன், காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற அருந்ததியப் பெண்கள் இருவரைப் பார்த்து மனம் பறிகொடுக்கிறான். வில்லுப்பாட்டில் கேட்டவர்களுக்குத் தெரியும், அவன் பெண்களைக் கூட்டிக்கொண்டு எங்கும் போகவில்லை. தகப்பன் வாலப்பகடையிடம் போய்ப் பெண் கேட்டான். பூணூலைக் கழற்று, குடுமியை எடு, செருப்புத் தைத்துக் காட்டு என்றார் அவர். செய்து காட்டித்தான் மணந்தான். மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவனுக்கு இன்றைக்கும் அங்கே தோல்செருப்புதான் காணிக்கை. வரிசையாகத் தொங்கும் செருப்புகள் வருஷம் திரும்புவதற்குள் தேய்ந்திருக்கும், பட்டவராயன் போட்டு நடக்கிறார் என்பார்கள். கதை எவ்வளவு பெரிதானாலும் இது உடன்போக்கு ஆகாது. கொடுப்போர் இருந்து, கேட்டு, வாங்கிய மணம்.

அதனால் சொல்லைப் பொருள் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். வீட்டார் எதிர்ப்பை மீறி இருவர் சேர்ந்து போனால் அது உடன்போக்கு. செய்தித்தாளில் ‘காதல் ஜோடி ஓட்டம்’ என்று போடும் இடத்தில் ‘உடன்போக்கு’ என்று போட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. மலையிலோ கடற்கரையிலோ ஆள்கூட்டாமல் செய்துகொள்ளும் புதுவகைக்கு அந்தச் சொல் சரிவராது. அங்கே யாரையும் மீறிப் போகவில்லை. ‘களவு மணம்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். களவு என்பது மணத்துக்கு முந்திய மறைந்த காதல், பொருந்தாது. ‘தனிமணம்’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒருவர் தன்னையே மணந்துகொண்டது மாதிரி ஒலிக்கிறது. ‘காதும் காதும் வச்ச மாதிரி கல்யாணம்’ என்பதிலும் ஒரு ரகசியம் ஒட்டியிருக்கிறது. ‘கூட்டமில்லாக் கல்யாணம்’ என்பதே என் தேர்வு; மலையில் என்றால் ‘மலைக்கல்யாணம்’. பத்திரிகையில் படித்தால் பாட்டிக்கும் புரியும்.

இந்த வேறுபாட்டில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கிறது. நெல்லைச் சீமையில் சாதி மாறி உடன்போகிறவர்களுக்கு அது படம் பிடிக்கிற காரியம் இல்லை. அவர்கள் முதலில் தேடுவது மலையை அல்ல, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தை. சக்தி வாஹினி வழக்கில் 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம், இப்படிப்பட்ட தம்பதிகளுக்காக மாவட்டந்தோறும் தனிப்பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும், பாதுகாப்பு இல்லங்களும் பரிசீலிக்கப்பட வேண்டும் என்று சொன்னது. இரண்டையும் ‘எலோப்மென்ட்’ என்ற ஒரே பெயரில் அழைப்பதில் எனக்கு உள்ள சங்கடம் இதுதான்.

சரி, மலைக்கல்யாணம்தான் என்று முடிவானால் பொதிகை அடிவாரத்தில் எப்படித் திட்டம் போடுவது? முண்டந்துறை, காரையாறு, களக்காடு, மாஞ்சோலை எல்லாம் 1988இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் சார்ந்த காடு. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போய் மாலை மாற்றினால் மறுநாள் அபராதச் சீட்டுதான் கல்யாணப் பரிசு. ட்ரோன் கூடாது. பிளாஸ்டிக்கைச் சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஓமம் வளர்க்கிற எண்ணம் இருந்தால் கீழேயே வளர்த்துவிட வேண்டும். சரணாலயத்துக்குள் தீ மூட்டுவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கொண்டுபோய் விடும். தீயில்லாமல் கல்யாணமா என்று யாராவது இழுத்தால் அகநானூறு 86ஐக் காட்டலாம். அந்தக் கல்யாணத்தில் மணல் பரப்பிய பந்தல் உண்டு, விளக்கு உண்டு, மக்களைப் பெற்ற பெண்கள் நீரூற்றி வாழ்த்துவது உண்டு. தீ வளர்த்ததாகப் பேச்சே இல்லை. விருந்து உளுந்து சேர்த்த களி. உளுந்தங்களிக்கு நல்லெண்ணெய் தேடுகிற ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

காலமும் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் சாரல் அழகுதான், ஆனால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று முந்தானையைத் தலைக்கு மேல் கொண்டுபோய்விடும், காலில் அட்டையும் ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் அருவி பக்கமே போகவேண்டாம். 2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையில் தாமிரபரணி என்ன செய்தது என்று கரையோரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தை, மாசி தோது. காட்டுக்குள் போகவே வேண்டும் என்றில்லை, ஊருக்கு வெளியே ஒரு பொத்தை, அதாவது சின்னப் பாறைக்குன்று போதும். விடியற்காலையில் அதன் மேல் நின்றால் மேற்கே மலைத்தொடர் முழுக்கத் தெரியும், அனுமதி வாங்கும் அலைச்சலும் குறையும்.

சட்டப்படி இரண்டே பேர் என்பது இங்கே நடக்காது. இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967இல் இயற்றிச் சேர்த்த 7ஏ பிரிவின்படி இந்து மணமக்கள் புரோகிதர் இல்லாமல், மாலை மாற்றியோ மோதிரம் போட்டோ தாலி கட்டியோ, ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லி மணக்கலாம். ஆனால் உறவினரோ நண்பரோ வேறு ஆட்களோ உடன் இருக்க வேண்டும். ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை என்று 2023இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. மதம் வேறு என்றால் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம். 30 நாள் அறிவிப்பு, மூன்று சாட்சி. 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி எந்தக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். ஆகவே மேலே ஏறும்போது போட்டோகிராபரோடு இரண்டு நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது, பிறகு சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் அவர்களே வர வேண்டியிருக்கும். விண்ணப்பத்தில் திருமணம் நடந்த இடம் என்ற கட்டத்தில் ‘பொதிகை மலை’ என்று மட்டும் எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கிராமம், தாலுகா எல்லாம் வேண்டும்.