புதிய மலைப்பாம்பு இரை எடுக்கவில்லையா? முதலில் பெட்டியைப் பாருங்கள்

"டாக்டர், வாங்கி நாலு நாள் ஆச்சு, இன்னும் ஒண்ணுமே சாப்பிடல." வீட்டில் பாம்பு வளர்ப்பவர்களிடமிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் இதுதான் அதிகம். நாய், பூனை வளர்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் பதற்றம் இயல்பானது. நாலு நாள் சாப்பிடாத நாய்க்குட்டி எழுந்து நிற்கவே முடியாமல் கிடக்கும். ஆனால் பாம்பின் உடல் அப்படி அமையவில்லை. நல்ல உடல்நிலையில் இருக்கும் வளர்ந்த மலைப்பாம்பு சில மாதங்கள்கூட இரையில்லாமல் தாங்கும். பட்டினியால் கெட்டு என் மேசைக்கு வந்த பாம்புகள் குறைவு. பட்டினியை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று வீட்டார் அவசரப்பட்டதில் கெட்டு வந்தவைதான் அதிகம்.

நான் பேசுவது பால் பைத்தான் (ball python) என்ற இனத்தைப் பற்றி. மிரண்டால் தலையை உள்ளே வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்ளும், மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு. நம் காடுகளில் இருக்கும் இந்திய மலைப்பாம்பை வீட்டில் வைத்திருப்பது குற்றம். வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் அது. வெளிநாட்டு இனம் என்பதால் பால் பைத்தானுக்குச் சட்டம் இல்லை என்று நினைக்க வேண்டாம். காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கும் இனம் என்பதால், 2022-ல் வந்த சட்டத் திருத்தத்தின்படியும் 2024-ல் வந்த விதிகளின்படியும் ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். இதை இங்கே சொல்வதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. காகிதம் இல்லாமல் விற்கப்படும் குட்டிகளில் பல, பாங்காக்கிலிருந்து பெட்டிகளுக்குள் துணிப்பைகளில் திணித்துக் கடத்தி வரப்பட்டவை. சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறை பிடித்த செய்திகளை நீங்களே படித்திருப்பீர்கள். அப்படி வரும் குட்டி உடலில் நீர் வற்றி, உண்ணி மொய்த்து, சில நேரம் நுரையீரல் தொற்றோடு வந்து சேரும். அது இரை எடுக்காமல் இருப்பதன் பொருளே வேறு. எங்கிருந்து வந்தது, எந்த நாளில் கடைசியாக இரை எடுத்தது, என்ன இரை, உயிரோடா உறைந்ததா என்று விற்றவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

சரி, முறையாக வாங்கிய, ஆரோக்கியமான குட்டி ஏன் சாப்பிடுவதில்லை? ஆப்பிரிக்காவில் இந்தப் பாம்பு பகல் முழுவதும் எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் முடங்கிக் கிடக்கும். உடலின் எல்லாப் பக்கமும் எதிலாவது உரசிக்கொண்டிருந்தால்தான் அதற்குப் பாதுகாப்பு. அதைக் கொண்டுவந்து வரவேற்பறையில், நாலு பக்கமும் கண்ணாடி, மேலே பளிச்சென்று விளக்கு, பார்க்க வரும் சொந்தக்காரர்கள் என்று வைத்தால், தான் யாருக்கோ இரையாகப் போகிறோம் என்ற நிலையில்தான் அது இருக்கும். அந்த நிலையில் எந்த விலங்கும் வேட்டைக்குக் கிளம்பாது.

அதனால் முதல் வாரம் தண்ணீர் மாற்றுவதற்கும் கழிவை அகற்றுவதற்கும் தவிரப் பெட்டிக்குள் கை போகக் கூடாது. எடுத்துக் கொஞ்சுவது, தோளில் போட்டுப் படம் எடுப்பது எல்லாம் அப்புறம். குட்டி உள்ளே போனால் இடுக்கமாக இருக்கும் அளவுக்கு இரண்டு மறைவிடங்கள் வையுங்கள், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. விலை உயர்ந்தது தேவையில்லை, வாயில் வெட்டிய பிளாஸ்டிக் டப்பா போதும். கண்ணாடித் தொட்டி என்றால் மூன்று பக்கங்களைக் காகிதம் ஒட்டி மறையுங்கள். பல குட்டிகள் இந்த மாற்றத்துக்குப் பிறகு வேறு எந்த வைத்தியமும் இல்லாமல் இரை எடுத்திருக்கின்றன.

அடுத்தது சூடு. நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். பெட்டியின் ஒரு பக்கம் 31-32 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25-27 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். "சென்னையில் இல்லாத சூடா டாக்டர்?" என்று கேட்பார்கள். பாம்பு இருப்பதோ இரவு முழுவதும் ஏசி ஓடும் படுக்கையறையில். 23 டிகிரிக் குளிரில், காற்றின் ஈரமும் உறிஞ்சப்பட்ட அறையில், அதற்குப் பசி எடுக்காது. எடுத்தாலும் செரிக்காது. இதற்கு நேர்மாறாக, மே மாதம் பால்கனியில் பெட்டியை வைத்து வெந்துபோன பாம்புகளையும் பார்த்திருக்கிறேன். பெட்டிக்கு அடியில் வைக்கும் ஹீட் மேட் வாங்கினால், சூடு அளவு மீறாமல் நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும் சேர்த்தே வாங்குங்கள். அது இல்லாமல் அடிவயிறு பொசுங்கி வரும் பாம்புக்குப் புண் ஆற மாதங்கள் ஆகும். ஒட்டும் வட்ட வெப்பமானிகளை நம்ப வேண்டாம். டிஜிட்டல் வெப்பமானி இரண்டு வாங்கிப் பக்கத்துக்கு ஒன்றாக வையுங்கள்.

செரிமானத்துக்கு ஏன் இவ்வளவு சூடு வேண்டும் என்றால், இரை உள்ளே போனதும் மலைப்பாம்பின் குடல், கல்லீரல் போன்ற உறுப்புகளே சில நாட்களுக்குப் பெரிதாகின்றன. வளர்சிதை மாற்றம் பல மடங்கு ஏறுகிறது. இந்த வேலை முழுவதும் வெளியிலிருந்து வரும் வெப்பத்தை நம்பித்தான் நடக்கிறது. இரை எடுத்த இரவில் நீண்ட நேரம் மின்வெட்டு வந்து பெட்டி குளிர்ந்துபோனால், வயிற்றுக்குள் எலி செரிப்பதற்கு முன்பே அழுகத் தொடங்கும். பாம்பு அதைக் கக்கிவிடும்.

என்ன கொடுப்பது? முழு எலி அல்லது சுண்டெலி, தோல், எலும்பு, குடல் எல்லாவற்றோடும். புற்றுக்குப் பாலும் முட்டையும் வைக்கும் வழக்கம் நம்மிடம் இருப்பதால் சிலர் கிண்ணத்தில் பால் வைத்துப் பார்க்கிறார்கள். பாலைச் செரிக்கும் உடல் பாம்புக்கு இல்லை. தாகம் தாங்காமல் குடித்தால் வயிறு கெடும். கோழிக்கறித் துண்டு கொடுப்பதும் தவறு. கறியில் மட்டும் கால்சியமோ மற்ற சத்துகளோ போதாது. வீட்டில் பொறி வைத்துப் பிடித்த எலியைக் கொடுக்கவே கூடாது. அந்த எலி பக்கத்து வீட்டில் வைத்த எலி மருந்தைத் தின்றிருக்கலாம். உணவுக்கென்றே வளர்த்த எலிகளை மட்டும் வாங்குங்கள்.

அளவுக்கு எளிய வழி, இரையின் தடிமன் பாம்பு உடலின் மிகத் தடித்த இடத்தைத் தாண்டக் கூடாது. எடைக் கணக்கில், குட்டிக்கு அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம், வாரம் ஒருமுறை. வளர்ந்த பாம்புக்கு ஏறக்குறைய 5 சதவீதம், இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை. புதிதாக வந்த பாம்புக்கு முதல் இரை இதைவிடச் சிறிதாகவே இருக்கட்டும்.

உயிருள்ள எலியைப் போடுவது பற்றி என் கருத்து உறுதியானது: வேண்டாம். பசியில்லாத பாம்போடு ஓர் எலியை இரவெல்லாம் அடைத்து வைத்தால் வேட்டையாடுவது எலிதான். முதுகுத் தசை முழுவதும் கடித்துத் தின்னப்பட்டு, விலா எலும்பு வெளியே தெரிய ஒரு இளம் பாம்பு என்னிடம் வந்தது. "பசிச்சா சாப்பிட்டுக்கும்னு போட்டுட்டுத் தூங்கிட்டோம்" என்றார்கள். பாம்பு பிழைத்தது, தழும்பு ஆயுளுக்கும் இருக்கும். எலிக்கும் அது கொடுமையான இரவு.

உறைந்த எலியை முந்தைய நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், மூடிய தனி டப்பாவில் வைத்து உருக விடுங்கள். கொடுப்பதற்குச் சற்று முன் பிளாஸ்டிக் உறையோடு வெந்நீரில் போட்டு, தொட்டால் உடல் சூடு தெரியும் அளவுக்குக் கொண்டு வாருங்கள். மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. சில இடம் வெந்து சில இடம் உறைந்தே இருக்கும். இந்தப் பாம்பின் உதடுகளில் வெப்பத்தை உணரும் குழிகள் இருக்கின்றன, சில்லென்ற எலி அதற்கு இரையாகவே தெரியாது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, நீண்ட இடுக்கியால் மறைவிடத்தின் வாசலில் மெல்ல அசைத்துக் காட்டுங்கள். எடுக்கவில்லையா, இரையை மறைவிடத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு விலகிவிடுங்கள். காலையிலும் அப்படியே இருந்தால் அப்புறப்படுத்துங்கள், திரும்ப உறையவைக்கக் கூடாது. அடுத்த முயற்சி ஒரு வாரம் கழித்துத்தான். தினமும் காட்டினால் தினமும் மிரளும். கண் நீலம் பூத்துச் சட்டை உரிக்கத் தயாராகும் நாட்களில் காட்டவே வேண்டாம். எலிகளைத் தொட்ட பிறகும் பாம்பைத் தொட்ட பிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சால்மோனெல்லா கிருமி குழந்தைகளுக்கு ஆபத்தானது.

இரை எடுத்த பிறகு 48 மணி நேரம் பாம்பைக் கையில் எடுக்காதீர்கள். கக்கிவிட்டால் உடனே இன்னொரு எலி கொடுக்கத் தோன்றும், கொடுக்கக் கூடாது. உணவுக்குழாய் அமிலத்தில் வெந்திருக்கும். இரண்டு வாரம் தண்ணீர் மட்டும் வைத்து, சூட்டைச் சரிபார்த்துவிட்டு, வழக்கத்தில் பாதி அளவு இரையோடு தொடங்குங்கள்.

இந்தப் பொறுமை வருவதற்கு ஒரு செய்தி உதவலாம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவில் 1961 முதல் இருந்த ஒரு பெண் பால் பைத்தான், 2020-ல் அறுபது வயதைக் கடந்த நிலையில் முட்டையிட்டது. இத்தனை நீண்ட ஆயுள் உள்ள உயிருக்கு நீங்கள் கவலைப்படும் சில வாரங்கள் மிகச் சிறியவை. ஆனால் கண்ணால் பார்த்து எடையை மதிப்பிடாதீர்கள். சமையலறைத் தராசு ஒன்றைத் தனியாக வாங்கி, வந்து ஒரு வாரம் கழிந்ததும் முதல் எடையையும், அதன் பிறகு வாரம் ஒருமுறையும் கிராமில் எழுதி வாருங்கள்.

எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, வாயோரம் நுரை கட்டினாலோ, தலையை வானம் பார்த்துத் திருப்பிக்கொண்டே இருந்தாலோ, இரண்டாவது முறை கக்கினாலோ காத்திருக்க வேண்டாம். பிறந்து சில வாரமே ஆன குட்டி ஒரு முறைகூட இரை எடுக்கவில்லை என்றாலும் ஒரு மாதத்துக்குள் காட்டிவிடுங்கள். காணொளி பார்த்து நீங்களே வாயைப் பிளந்து எலியைத் திணிக்காதீர்கள். ஈறு கிழிந்து வாய்ப்புண் வந்தால் நோயும் பட்டினியும் சேர்ந்துகொள்ளும். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் வரும்போது பாம்பைத் துணிப்பையில் போட்டுக் காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் வைத்து எடுத்து வாருங்கள். எடைக் குறிப்பு, பெட்டியின் படம், இரண்டு வெப்பமானிகளின் இரவு அளவு, கிடைத்தால் புதிய கழிவு கொஞ்சம், இவையும் கூடவே வரட்டும்.